கப்பலை மறந்த வழி

என் கணவர் பழனிசாமிக்குக் காது கேட்காது என்பது நான்கு வருடம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்தது. மூன்றாவது ஆளுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் டாக் பியூன். கடிதக் கட்டையும் கையெழுத்துப் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளில் ஒவ்வொரு அலுவலகமாகப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டும், உடம்பில் குறை இருக்கக் கூடாது என்று சொல்லித்தான் அந்த வேலைக்கு ஆள் எடுத்தார்கள்.

அவர் தாராபுரத்துப் பக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் ஒரு காண்டிராக்டரோடு கப்பலேறி வந்து, நடு அந்தமானில் ரங்கத்துக்கு அப்பால் காடு வெட்டுகிற கூட்டத்தில் இருந்தார். அங்கே இரண்டு மழைக்காலம் காய்ச்சலில் கிடந்தார். எழுந்து உட்கார்ந்தபோது காதுக்குள் சில்வண்டு கத்தியது. காட்டில் யாருக்குத்தான் சில்வண்டு கேட்காது என்று அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு போர்ட் பிளேருக்கு வந்து, கடைத்தெருவில் பட்டப்பகலில் நிற்கும்போதும் அது கத்திக்கொண்டே இருந்தது. அப்போதுதான் வண்டு தன் தலைக்குள் இருப்பது தெரிந்தது என்று சொல்வார். காய்ச்சலால் வந்ததா, அதற்குத் தந்த மருந்தால் வந்ததா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எழுதிவிடுவார்களே.

நான் அறுபத்து மூன்றில் கல்யாணமாகி வந்தேன். முதலில் எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்பாததைக் கோபம் என்று நினைத்தேன். அவர் உலைமூடி ஆடுவதைப் பார்த்துத்தான் சோறு கொதிப்பதைத் தெரிந்துகொள்கிறார் என்று ஒருநாள் கவனித்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு செம்பைக் கீழே போட்டுப் பார்த்தேன். அவர் அசையவில்லை. அன்று சாயங்காலம் விளக்கைப் பக்கத்தில் நகர்த்தி வைத்து, “கேக்கறதில்லீங்களா?” என்று வாயசைத்துக் கேட்டேன். வெகுநேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆருகிட்டயும் சொல்லிப்போடாத புள்ள” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெளிச்சம் இருக்கும்வரைதான் பேச்சு. விளக்கை அணைத்தால் அவ்வளவுதான்.

அலுவலகத்தில் எப்படியோ சமாளித்தார். அதிகாரி மணி அடித்தால் உள்ளே போக வேண்டும். மணி மேஜையின் இடது மூலையில் இருக்கும். கதவுத் திரைச்சீலைக்கு அடியில் தெரிகிற இடைவெளியில் அதிகாரியின் இடது முழங்கை அசைவதைப் பார்த்து எழுந்துவிடுவார். சுறுசுறுப்பான ஆள் என்று பெயர் வாங்கியிருந்தார். ஊருக்குள் கடிதம் கொண்டுபோவதும் பரவாயில்லை. தெருவில் ஜனங்கள் ஒதுங்குவதைப் பார்த்து அவரும் ஒதுங்குவார். மாலையில் வேலை விட்டு முப்பது நாற்பது சைக்கிள்கள் ஒன்றாகத் திரும்பும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வந்துவிடுவார்.

காலைதான் பயம். காலையில் அவர் தனி.

எங்கள் வீடு டாலிகஞ்சுக்கு மேலே மேட்டில். அலுவலகம் ஹாடோவில். அவர் நேரத்துக்குப் பஸ் கிடையாது. பெரிய சாலையில் போனால் டெய்ரி ஃபார்ம் தாண்டி, ஜங்லிகாட் ஏற்றத்தில் ஒரு வளைவு வரும். ஒரு பக்கம் வெட்டிய மலை. இன்னொரு பக்கம் சரிவு, கீழே கடல். நடுவில் ஒரு லாரியும் இரண்டு முழமும் போகிற அகலம். பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று மேலே இருந்ததால் தொட்டி வளைவு என்பார்கள். அந்த வளைவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. லாரி வளைவுக்குள் நுழையுமுன் நீளமாக ஒரு ஹாரன் அடிக்கும். உள்ளே சைக்கிளில் போகிறவன் உடனே இறங்கி, மலைப்பக்கம் ஒரு சைக்கிள் நுழையும்படி வெட்டியிருந்த பொந்துக்குள் நின்றுகொள்ள வேண்டும். ஹாரன் அடித்துவிட்டால் டிரைவர் வேகத்தைக் குறைக்க மாட்டான். ஏற்றத்தில் வேகம் போனால் வண்டி திணறும். ஹாரன் கேட்டவன் ஒதுங்கியிருப்பான் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

அவர் ஒரு நாவிதரிடம் வட்டக் கண்ணாடி வாங்கிக் கைப்பிடியில் கட்டினார். அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா கிருஷ்ணமூர்த்தி அதைப் பார்த்துவிட்டு, “என்னய்யா பழனிசாமி, மாப்பிள்ளைக் கண்ணாடியா? மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஆபீசுக்கு வர்றியா?” என்றாராம். இவர் வாயசைவைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொண்டு சிரித்து வைத்தார். கண்ணாடி நேரான சாலைக்குத்தான் உதவியது. வளைவில் பின்னால் இருக்கும் மலையைத்தான் அது காட்டும். மழை பெய்தால் அதுவும் இல்லை. இங்கே மழை பெய்யாத மாதம் எத்தனை?

அறுபத்தேழு ஆகஸ்டில் ஒருநாள் சட்டையின் வலது கை தோளோடு கிழிந்து வந்தார். கைப்பிடி வளைந்திருந்தது. நான் ஊசியை எடுத்தபடி, எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டேன்.

“பள்ளத்துல வுட்டுட்டேன்.”

“பள்ளத்துல பச்சப் பெயிண்டு இருக்குதுங்களா?”

கிழிந்த இடத்தில் விரல் நீளத்துக்குப் பச்சைச் சாயம் ஒட்டியிருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் முகத்தைத் திருப்பினால் அதற்கு மேல் என்னால் எதுவும் பேச முடியாது.

ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். அங்கே பங்கு நிலத்தை அண்ணன்மார் எழுதி வாங்கிவிட்டார்கள். காது கேட்காதவனுக்கு அங்கே யார் வேலை தருவார்கள் என்று கேட்டார். வேலையை மாற்றிக் கேட்கலாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். வீட்டை மாற்றலாம் என்றால் ஹாடோவில் எங்களுக்கு இடமில்லை. எந்தப் பக்கம் யோசித்தாலும் மறுபடி அந்த வளைவிலேயே வந்து நின்றோம்.

அதனால் வழியை நான் பார்க்கக் கிளம்பினேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். யாரிடமும் வலியப் பேசிப் பழக்கமில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருப்பேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையில் கீரைக்கூடையோடு போனால் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. விற்பதற்குத்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். சில நாள் நிஜமாகவே விற்றும் வந்தேன். இரண்டு மாதம் காலையில் இப்படிப் போனேன். அவர் கண்ணால் பார்க்க முடிகிற இடம் எது, காதால் மட்டுமே தெரிகிற இடம் எது என்று பார்த்தேன். கேட்காதவர் போல நடந்து பார்க்க வேண்டும் என்று காதில் பஞ்சை அடைத்துக்கொண்டும் ஒருநாள் நடந்தேன். அன்று ஒரு மாட்டு வண்டியே என் முழங்கையில் உரசிய பிறகுதான் தெரிந்தது.

டாலிகஞ்சிலிருந்து வயலுக்குப் பின்னால் ஒரு வரப்பு போகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம். அதன் முடிவில் ஓடை. மேலே இரண்டு மரம் போட்ட பாலம், சைக்கிளைத் தோளில் தூக்கித்தான் கடக்க வேண்டும். அப்புறம் ஒரு செங்கல் சூளை ஓரமாக மண்பாதை. அதில் ஓட்டலாம். எதிரே வருவது தூரத்திலேயே தெரியும். அந்தப் பாதை டெய்ரி ஃபார்மைச் சுற்றிக்கொண்டு, தொட்டி வளைவுக்கு ஐம்பது அடி முன்னால் பெரிய சாலையில் ஏறும். வளைவை மட்டும் எதாலும் தாண்ட முடியவில்லை. மலைக்கு மேலே ஏறிப் பார்த்தேன், முள்ளும் அட்டையும். கடல் பக்கம் இறங்கிப் பார்த்தேன், சேறு. எல்லாப் பாதையும் அந்த ஒரு வாய்க்குள்தான் போயிற்று.

எனவே நேரத்தைப் பிடித்தேன். ஏழு மணிக்கு மர ஆலைச் சங்கு ஊதும்வரை மர லாரிகள் போகும். அதன் பிறகு கல் ஏற்றும் லாரிகள் கிளம்ப முக்கால் மணி நேரமாவது ஆகும். நடுவில் ஒரு பால் ஜீப், அதுவும் எதிர்த்திசையில், மெதுவாக. நாள்காட்டித் தாளின் பின்புறம் கோடு போட்டு எழுதிவந்தேன். முப்பத்தாறு நாளில் ஒருநாள்கூட ஏழிலிருந்து ஏழரைக்குள் ஹாடோ பக்கம் ஒரு லாரியும் போகவில்லை. அவரிடம் தாளைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு கோடாகப் படித்தார்.

“ஆறேகாலுக்குக் கெளம்போணும். ஏழேகாலுக்கு வளைவு. சரிதானே?”

“சரிங்க.”

“இத்தன நாளா கீர விக்கப் போறீன்னு நெனச்சேன்” என்றார்.

அந்தத் தாளை நம்பி அவர் பன்னிரண்டு நாள் போனார். சட்டை கிழியவில்லை. செருப்பில் வயல் சேறு இருக்கும், அவ்வளவுதான்.

நான் செய்த தவறை இங்கே வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அந்தமானில் இருந்துகொண்டு கப்பலை மறந்தேன். மதராஸ் கப்பல் பழுதுபார்க்கப் போய்விட்டது. ஐம்பது நாளுக்கு மேல் கப்பல் இல்லை. வெங்காயம் இல்லை, கடிதம் இல்லை என்று ஊரே புலம்பியது. நானும் புலம்பினேன். ஆனால் நான் தாளில் கோடு போட்டதெல்லாம் கப்பல் இல்லாத நாட்களில்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கப்பல் துறைமுக வாயில் நுழையும்போது நீளமாக ஊதும். அதைக் கேட்டதும் ஊரிலுள்ள லாரி எல்லாம் ஒரே நேரத்தில் ஹாடோ பக்கம் துறைமுகத்துக்குக் கிளம்பும். முதலில் போய் வரிசையில் நிற்கிற வண்டிக்குத்தான் முதல் சரக்கு. காலி லாரி, ஏற்றத்தில்கூடப் பறக்கும்.

பதின்மூன்றாம் நாள் அவர் ஆறேகாலுக்குக் கிளம்பிப் போன பிறகு நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். காற்று வடக்கிலிருந்து வந்தது. அதில் கப்பல் ஊதியது.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்கா முற்றத்துக்கு வந்து, “கப்பல் வந்துருச்சுடி, இன்னிக்குக் காயிதம் வரும்” என்றாள். கீழே சாலையில் ஒரு லாரி உறுமிக் கிளம்பியது. அதன் பின்னால் இன்னொன்று. நான் கை சாம்பலோடு எழுந்து குழந்தையை அவள் கையில் கொடுத்தேன்.

“எங்கடி போற?”

“வந்தர்றேன்க்கா.”

நேர்சாலையில் போனால் அரை மணியில் வளைவு. அவர் சுற்றிக்கொண்டு வருவதால் முன்னால் போய்விடலாம் என்று ஓடினேன். மூன்று லாரிகள் என்னைத் தாண்டிப் போயின. ஒவ்வொன்று போகும்போதும் அது வளைவைச் சேர எவ்வளவு நேரம், அவர் இப்போது ஓடையிலா சூளையிலா என்று எண்ணிக்கொண்டே ஓடினேன். பெரிய சாலையில் அப்படி ஓடியதில்லை. சூளைப் பாதை சாலையில் ஏறும் இடத்துக்கு வந்தபோது செம்மண் சேற்றில் சைக்கிள் டயர் தடம் புதிதாக இருந்தது. மூன்று லாரிகளின் தடத்துக்கு மேல் அது போயிருந்தது. அவர் வளைவுக்குள் இருந்தார்.

பின்னால் ஹாரன் கேட்டது. நீளமாக, வளைவுக்கு அடிக்கிற ஹாரன்.

நான் சாலையின் நடுவில் போய் நின்றேன். கையை நீட்டினேனா தூக்கினேனா நினைவில்லை. பச்சை லாரி. என்னிடமிருந்து ஒரு கட்டில் நீளத்தில் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்துகொண்டு தலையை நீட்டினார். வண்டூர்ப் பக்கத்து ஜமீல் என்று பிற்பாடு தெரிந்தது.

“பாகல் ஆயிட்டியா அக்கா, பைத்தியமா? சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? ஹட்டு, தள்ளிப் போ.”

நான் வளைவைக் காட்டினேன்.

“என்ன அங்க?”

“எங்க வீட்டுக்காரரு. சைக்கிள்ல.”

“ஹாரன் அடிச்சேன்ல. எறங்கி நிப்பாரு. நீ நவுரு, பின்னால ஆறு வண்டி வருது, எனக்கு நம்பர் போயிரும்.”

“நிக்க மாட்டாருங்க.”

“ஏன் நிக்க மாட்டாரு? நவாபா?”

பின்னால் ஒவ்வொரு லாரியாக வந்து நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. சிலர் இறங்கி வந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான்கு வருடம் பொத்தி வைத்ததை அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

“அவருக்குக் காது கேக்காதுங்க.”

ஜமீல் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியை நடை வேகத்தில் நகர்த்தினார். நான் முன்னால் நடந்தேன். வளைவின் பாதியில் அவர் தெரிந்தார். ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சரியாகச் சாலையின் நடுவில் போய்க்கொண்டிருந்தார். அவசரம் இல்லாத நடை. என் தாளை நம்பிய நடை. லாரி அவர் முதுகுக்குப் பின்னால் இருபது அடியில் வந்தது. ஜமீல் ஹாரனை ஒருமுறை அடித்தார். எனக்கே காது அடைத்தது. அவர் திரும்பவில்லை. இரண்டாம் முறை அடித்தார். அவர் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கழுத்து வேர்வையைத் துடைத்தார்.

“யா அல்லா” என்று ஜமீல் மெதுவாகச் சொன்னது கேட்டது.

நான் போய் அவர் முதுகைத் தொட்டேன். திரும்பினார். என்னைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், அதன் பின்னால் நடந்து வந்த டிரைவர்களைப் பார்த்தார். அத்தனை பேரும் அவர் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் புரிந்துவிட்டது. சைக்கிளை அந்தப் பொந்துக்குள் நிறுத்தி, தானும் ஒடுங்கி நின்றார். ஏழு லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக, ஹாரன் அடிக்காமல், எங்களைத் தாண்டிப் போயின. பிறகு அவர் ஏறி அலுவலகத்துக்குப் போனார்.

லாரி நிற்குமிடத்தில் பேச்சு எப்படிப் பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் கிருஷ்ணமூர்த்தி அவரைக் கூப்பிட்டு, எதிரே நிற்க வைத்து, ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: ‘ஆஸ்பத்திரிக்குப் போய் காது பரிசோதனைச் சீட்டு வாங்கி வா.’ கெட்டவர் இல்லை அவர். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, “நாளைக்கு நீ அடிபட்டா ஃபைல்ல யார் பேரு வரும்?” என்று வாயைத் திறந்து திறந்து சொன்னாராம்.

வேலையை முழுதாக எடுக்கவில்லை. டாக் பியூன் வேலை போயிற்று. டாலிகஞ்சிலேயே இருக்கிற சாமான் கிடங்கில் கலாசி என்று போட்டார்கள். இரும்புக் குழாயும் சிமெண்டு மூட்டையும் எடுத்து அடுக்குகிற வேலை. வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். திரைச்சீலை இல்லை, மணி இல்லை, சாலையே இல்லை. வாசலைத் தாண்டினால் கிடங்கு. கிடங்கைத் தாண்டினால் வீடு.

எட்டு நாள் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாட்டைத் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். கேட்கிற மனிதர் பேசாமல் இருந்தால் நாமாவது பேசிக் காட்டலாம். இவர் பார்க்காவிட்டால் நான் பேசுவதே இல்லை என்று ஆகிவிடும். நான் முன்னால் போய் நின்றால் வேறு பக்கம் திரும்புவார். ஒன்பதாம் நாள் பார்த்தார்.

“ஒரு வார்த்த சொல்லாம நிறுத்தியிருக்கலாம்ல?” என்றார்.

“அவன் சும்மா நிக்கலீங்களே. காரணங் கேட்டான்.”

“வேற காரணஞ் சொல்றது.”

அந்த நேரத்தில் எனக்கு வேறு காரணம் வரவில்லை. அதைத்தான் அவரிடமும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா, போதும் என்றாரா தெரியாது.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு பெரிய சாலை வழியாகவே ஹாடோ வரை போய் வந்தார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார். வந்து திண்ணையில் உட்கார்ந்தார். போகிற வழியெல்லாம் லாரிக்காரர்கள் அவரைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார்களாம். தொட்டி வளைவில் ஜமீல் வண்டியை நிறுத்திவிட்டு, கையைக் காட்டி முதலில் போகச் சொன்னாராம். பின்னால் இரண்டு லாரி காத்து நின்றதாம்.

“எல்லாரும் வழி வுடறாங்க” என்றார். “போறக்குத்தான் எடமில்ல.”

இப்போது எழுபத்தாறாம் வருஷம். அவர் இன்னும் அதே கிடங்கில்தான். சைக்கிள் தாழ்வாரத்தில் நிற்கிறது. மாதம் ஒருமுறை சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறார். கண்ணாடியை மகள் கழற்றி எடுத்துக்கொண்டு பொட்டு வைக்கிறாள். அந்த நாள்காட்டித் தாள் என் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. கிழித்துப் போட மனம் வரவில்லை, விரித்துப் பார்க்கவும் மனம் வரவில்லை.

போன வாரம் கப்பல் வந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருந்தேன். கை மட்டும் குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டது போலிருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“கப்பலா?” என்றார்.

ஆமாம் என்று தலையசைத்தேன். கீழே சாலையில் லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போகும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி லாரியும் போனபிறகு, “எத்தன?” என்று கேட்டார்.

“ஒம்பதுங்க” என்றேன். அவர் மீண்டும் சாப்பிடத் தொடங்கினார்.